ஷாங்காய் பட்டியலில் இல்லாத வரி

நண்பரின் மகள் இயற்பியல் பி.எஸ்சி. கடைசி வருஷம் படிக்கிறாள். வெளிநாட்டில் வானியற்பியல் படிக்கணும்னு ஆசை. அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கத் தயார். "எந்த நாடுன்னு மட்டும் சொல்லுங்க மாமா" என்று கேட்டு, ஷாங்காய் தரவரிசையின் முதல் நூறு இடங்களை நாடுவாரியாக எண்ணி எக்செலில் அனுப்பியிருந்தாள். அமெரிக்கா எங்கேயோ உயரத்தில், ஜெர்மனி ரொம்பக் கீழே. ஒரு புத்தகத்துக்கு விமர்சனம் எழுத வாசிக்கிற மாதிரி அந்தப் பட்டியலை வாசித்துப் பார்த்தேன்.

2003இல் ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகம் தொடங்கிய பட்டியல் இது. சீனப் பல்கலைக்கழகங்கள் உலகத்தின் முன்னணிக்கு எவ்வளவு பின்னால் இருக்கின்றன என்று அளப்பதுதான் நோக்கம். மாணவருக்கு வழிகாட்ட எழுதியதில்லை. இதில் 'கல்வியின் தரம்' என்று ஒரு தலைப்பு உண்டு. அதற்கு 10 விழுக்காடு. உள்ளே பார்த்தால், பழைய மாணவர்கள் வாங்கிய நோபல் பரிசும் ஃபீல்ட்ஸ் பதக்கமும் மட்டும்தான் எண்ணப்படுகின்றன! அங்கே பணிபுரிவோர் வாங்கிய பரிசுகளுக்கு இன்னொரு 20 விழுக்காடு. வகுப்பில் யார் எப்படிப் பாடம் எடுக்கிறார்கள் என்பதற்குப் புள்ளியே கிடையாது.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. 2021 நோபலை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பியலில் பரிசு பெற்றவர்களில் சியுகுரோ மனாபே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். கிளாவுஸ் ஹாசல்மன் ஹாம்பர்க்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனம். அதே வருஷம் வேதியியலில் டேவிட் மக்மில்லன் பிரின்ஸ்டன். பெஞ்சமின் லிஸ்ட் இன்னொரு மாக்ஸ் பிளாங்க் நிறுவனம். பிரின்ஸ்டனுக்கு இரண்டு தடவையும் புள்ளி ஏறும். மாக்ஸ் பிளாங்குக்கு ஏறாது. காரணம், அது பல்கலைக்கழகம் இல்லை. பட்டியலில் அதற்கு வரியே கிடையாது. ஜெர்மனி முழுக்க எண்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள், அத்தனையும் எக்செலில் பூஜ்யம். பிரான்சின் சி.என்.ஆர்.எஸ். கதையும் ஏறக்குறைய இதுதான்.

இந்தப் பெண்ணுக்கு இது வெறும் புள்ளிவிவரச் சண்டை இல்லை. மியூனிக் பக்கத்தில் கார்ஹிங் என்று ஒரு ஊர். வானியற்பியலுக்கும் விண்வெளி இயற்பியலுக்கும் தனித்தனி மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தின் தலைமையகமும் பக்கத்திலேயே. அங்கே ஆய்வு செய்பவர்களுக்குச் சம்பளம் உண்டு, பட்டம் மட்டும் ஒரு பல்கலைக்கழகம் தரும். அவள் எண்ணிய நூறில் அந்த வளாகத்தின் பாதி காணோம்.

அந்த வானாய்வகத்தின் தொலைநோக்கிகள் இருப்பதோ சிலியின் அட்டகாமா பாலைவனத்தில். அங்குள்ள பன்னாட்டுத் தொலைநோக்கிகளில் ஏறக்குறைய 10 விழுக்காடு நேரம் சிலி நாட்டு நிறுவனங்களுக்கு என்று ஒதுக்கீடு. வானியலுக்குச் சிலியா என்று நம்ம ஊரில் யாராவது யோசித்திருப்போமா? நானும் யோசித்ததில்லை.

பணத்துக்கு வருகிறேன். பத்திரம் அதில்தானே இருக்கிறது. பிரிட்டனில் ஒரு வருஷ முதுகலை: உதவித்தொகை இல்லையென்றால் கட்டணம் முழுக்கக் கையிலிருந்து. அமெரிக்காவில் அறிவியல் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் கட்டணமும் கிடையாது, மாதப் பணமும் உண்டு. ஆனால் நம்முடைய மூன்று வருஷ பி.எஸ்சி.யைப் பல துறைகள் ஏற்பதில்லை. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்குக் கல்விக்கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் மட்டும் நம்மைப் போன்றவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வைத்துவிட்டது, அது இன்னும் அதிகம். இதெல்லாம் போக, விசாவுக்கு ஒரு வருஷச் செலவை முடக்கக் கணக்கில் காட்டணும்; 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ. சின்னத் தொகை இல்லை, ஆனால் அது அவள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மாதாமாதம் திரும்பி வரும் பணம்.

இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். "அப்போ ஜெர்மனியா மாமா?" என்று ஒரே வரியில் பதில் வந்தது. சமீபத்தில் பிடித்துப் படித்த மூன்று ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, எழுதியவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். பத்திரம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும் என்று அவள் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.