தங்கத்தின் மேற்பரப்பும் கணினிப் பலகையும்

தங்கம் எளிதில் வினைபுரியாத உலோகம், துருப்பிடிக்காது, கறுக்காது. ஆனால் அதன் படிகத்தை வெட்டி, வெற்றிடத்தில் தூய்மையாக்கி, சூடேற்றி ஆறவிட்டால், மேற்பரப்பு அணுக்கள் பழைய இடத்தில் நிலைப்பதில்லை. கீழடுக்கிலிருந்து வேறுபட்ட புதிய ஒழுங்கில் தாமாகவே அமர்கின்றன. இதுவே மேற்பரப்பு மறுகட்டமைப்பு. வெட்டும் திசையைப் பொறுத்து (100), (110), (111) என்று குறிக்கப்படும் மூன்று அடிப்படை முகங்களிலும் தங்கம் இப்படித்தான் நடந்துகொள்கிறது. தனிம அட்டவணையில் அதற்கு நேர் மேலே இருக்கும் வெள்ளியின் தூய முகங்களோ மாறுவதில்லை.

இந்த வேறுபாட்டை விளக்க இயற்பியலாளர்கள் பெரிதும் நம்பும் கருவி பலகை மாதிரி. சில அணு அடுக்குகளை ஒரு பலகையாக எடுத்து, மேலும் கீழும் வெற்றிடம் விட்டு, எலக்ட்ரான்களின் அமைப்பை அடர்த்திச் சார்புக் கோட்பாட்டின்படி கணக்கிடுவார்கள். ஹோஹென்பெர்க், கோன், ஷாம் ஆகியோர் 1964, 1965-இல் போட்ட அடித்தளம் அது. வியன்னாவில் பிறந்த வாஸ்ப், வீன்2கே போன்ற மென்பொருள்கள் இந்தக் கணக்கை உலகெங்கும் கொண்டு சேர்த்துவிட்டன. எளிதாகிவிட்ட இந்தக் கணக்கை எதுவரை நம்பலாம் என்பதுதான் கேள்வி.

காரணத்தைச் சொல்வதில் அதன் வலிமை மறுக்க முடியாதது. மேற்பரப்பு அணு தன் அண்டை அணுக்களில் சிலவற்றை இழந்துவிடுகிறது. எஞ்சிய பிணைப்புகள் இறுகுவதால் மேலடுக்கு சுருங்க விரும்புகிறது. ஆனால் சுருங்கினால் கீழடுக்கின் குழிகளில் சரியாக உட்கார முடியாது. இந்த ஆதாயத்தையும் நட்டத்தையும் டேக்யூச்சி, சான், ஹோ மூவரும் 1991-இல் (100) முகத்துக்குக் கணக்கிட்டார்கள். தங்கத்தில் ஆதாயம் மிஞ்சுவதற்குச் சார்பியல் விளைவே காரணம் என்று காட்டினார்கள். கனமான அணுக்கருவைச் சுற்றும் எலக்ட்ரான்களின் வேகத்தால் 6எஸ் கூடு சுருங்குகிறது, 5டி எலக்ட்ரான்கள் பிணைப்பில் கூடுதலாகப் பங்கேற்கின்றன. வெள்ளியில் இந்த விளைவு மிகவும் குறைவு.

எலக்ட்ரான் அமைப்பிலும் இதே வெற்றிதான். (111) முகத்தில் மட்டும் வாழும் ஒரு எலக்ட்ரான் நிலை உண்டு. அதன் அடிமட்டம் ஃபெர்மி மட்டத்துக்கு ஏறத்தாழ 0.5 எலக்ட்ரான்வோல்ட் கீழே இருக்கிறது. 1996-இல் லாஷெல் குழுவினர் ஒளியுமிழ்வுச் சோதனையில் அது இரண்டாகப் பிளந்திருப்பதைக் கண்டார்கள். எலக்ட்ரானின் தற்சுழற்சிக்கும் பாதை இயக்கத்துக்கும் உள்ள சார்பியல் பிணைப்பைச் சேர்த்துக் கணக்கிட்டால், அதே பிளவு பலகையிலும் எழுகிறது.

ஆனால் இந்த வெற்றி கவனமாகச் செய்த கணக்குகளுக்கு உரியது. மேற்பரப்பு நிலை படிகத்துக்குள் பல அடுக்குகள் ஆழம் வரை ஊடுருவும். ஆறேழு அடுக்குகளே கொண்ட பலகையில் மேல்முகத்து நிலையும் கீழ்முகத்து நிலையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இயற்கையில் இல்லாத ஒரு பிளவை உண்டாக்கும். அதைச் சார்பியல் பிளவு என்று தவறாகப் படிக்கும் ஆபத்து உண்டு. இந்த நிலையை ஆராய இருபது அடுக்குகளுக்குக் குறையாமல் வேண்டும்.

எண்களிலும் தடுமாற்றம் இருக்கிறது. தங்கப் படிகத்தின் அலகு நீளம் சோதனையில் 4.08 ஆங்ஸ்ட்ராம். எலக்ட்ரான்களின் இடைவினையைக் கணிக்கப் பரவலாகப் பயன்படும் பிபிஇ தோராயம் அதை 4.16 அளவுக்கு நீட்டிவிடுகிறது. (111) முகத்தின் மேற்பரப்பு ஆற்றலையோ, சோதனை மதிப்பீடான சுமார் 1.5 ஜூல்/சதுர மீட்டரில் ஏறத்தாழ பாதியாகவே தருகிறது. பழைய எல்டிஏ தோராயம் இதில் உண்மைக்கு நெருங்கி வருகிறது. புதியது எல்லாவற்றிலும் மேல் என்ற நம்பிக்கை தங்கத்தில் செல்லாது.

இவற்றைவிடப் பெரிய குறை, மறுகட்டமைப்பையே ஒதுக்கிவிடும் வழக்கம். (111) முகத்தில், 22 பேருக்கு இலை போட்ட பந்தியில் 23 பேர் நெருக்கி உட்கார்ந்ததுபோல, 22 இடங்களில் 23 அணுக்கள் நிற்கின்றன. இதனால் சுமார் 6.3 நானோமீட்டர் இடைவெளியில் இரட்டை வரப்புகள் எழுந்து, 120 பாகைத் திருப்பங்களோடு வளைந்து வளைந்து செல்கின்றன. 1990-இல் பார்த், புருனே, எர்டல், பேம் ஆகியோர் வருடு ஊடுருவு நுண்ணோக்கியில் (எஸ்டிஎம்) இந்தக் கோலத்தை விரிவாகப் படமெடுத்தார்கள். ஆனால் வினையூக்கக் கணக்குகளில் பெரும்பாலும் தட்டையான, கலையாத முகமே இடம்பெறுகிறது. அந்த வளைவுகளில்தான் நிக்கல் அணுக்கள் முதலில் குவிகின்றன என்பது 1991-லேயே தெரிந்துவிட்டது. தட்டையான மாதிரியில் வளைவே இல்லை. அதனால் அங்கே நடப்பதை அது சொல்ல வழியில்லை.

மறுகட்டமைப்பை ஒதுக்குவதற்குக் கணக்கீட்டுச் செலவு ஒரு நியாயமான காரணம்தான். ஒரே ஒரு வரப்பு இணைக்கான அலகிலேயே மேலடுக்கில் 46 அணுக்களும், கீழே ஒவ்வோர் அடுக்கிலும் 44 அணுக்களும் உண்டு. வளைவுகளையும் சேர்த்தால் ஆயிரக்கணக்காகும். 1992-இல் ஷோபனா நரசிம்மனும் டேவிட் வாண்டர்பில்ட்டும் காட்டிய வழி இங்கே நினைவுகூரத்தக்கது. சிறிய பலகைக் கணக்கில் கிடைத்த அளவுகளை மீள்விசைத் தகைவு மாதிரியில் பொருத்தி, கோலம் ஏன் வளைகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். இன்று இயந்திரக் கற்றல்வழி விசைப்புலங்கள் மிகப் பெரிய அலகுகளையும் கையாள்கின்றன. ஆனால் அவை பயிற்சி பெறுவது இதே அடர்த்திக் கோட்பாட்டு எண்களில். தோராயத்தின் பிழையும் கூடவே வந்துவிடுகிறது.

ஆகவே, தங்கம் ஏன் மாறுகிறது, வெள்ளி ஏன் மாறவில்லை என்பதுபோன்ற ஒப்பீட்டுக் கேள்விகளில் பலகை மாதிரியை நம்பலாம். தனித்த மேற்பரப்பு ஆற்றல், வளைவுகளில் நடக்கும் வேதிவினை ஆகியவற்றில் அதை அப்படியே ஏற்க முடியாது. எத்தனை அடுக்குகள், எந்தத் தோராயம், மறுகட்டமைந்த முகமா தட்டை முகமா என்ற மூன்றையும் ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரையும் முதல் பக்கத்திலேயே சொன்னால், எந்த எண்ணை எடுப்பது, எதை விடுவது என்று சோதனைக்கூடத்தில் இருப்பவர் உடனே முடிவுசெய்ய முடியும்.