அகப்பிளவும் அயலாட்சியும்: அச்சேபேயின் ‘கடவுளின் அம்பு’

அயலாட்சியாற் குலைந்த பண்பாட்டைப் பொருளாகக் கொள்ளும் நாவலாசிரியனுக்கு எளிய வழியொன்று உண்டு. இழந்தன யாவும் பொன்னென்றும் அழித்தோர் யாவரும் கொடியரென்றும் கூறிவிடலாம். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சேபே (1930–2013) அவ்வழிச் சென்றாரல்லர். 1964ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய மூன்றாம் நாவலாகிய ‘கடவுளின் அம்பு’ இதற்குத் தக்க சான்றாகும்.

கதை 1920களில், இக்போ மக்கள் வாழும் உமுவாரோ என்னும் ஊர்த்தொகுதியில் நிகழ்கின்றது. அடிமை பிடிப்போரின் தாக்குதலுக்கு அஞ்சிய ஆறு ஊரார் ஒன்றுகூடித் தமக்கு அரணாக நிறுவிய தெய்வமே உலு. அதன் தலைமைப் பூசகன் எசேயுலு. பிறைதோறும் ஒரு வள்ளிக்கிழங்கை உண்டு காலங் கணித்து, புதுக்கிழங்கு விழாவுக்கு நாட்குறித்தல் அவன் கடன். அவ்விழா நிகழுமுன் எவரும் புதுக்கிழங்கு அகழ்தலாகாது.

இக்போ மக்களுட் பெரும்பாலார் அரசரின்றி, ஊரவைகளிற் கூடி முடிவுசெய்து வாழ்ந்தவர். ஆங்கில ஆட்சியாளரோ, சுதேசத் தலைவர் வாயிலாக ஆளும் மறைமுக ஆட்சிமுறையை அங்கும் புகுத்த விரும்பி, ஆணைப்பத்திரம் வழங்கித் தலைவரை ஆக்கினர். நாவலில், அப்பதவியை ஏற்க மறுத்த எசேயுலு சிறைப்படுகின்றான். சிறையிலிருந்த காலத்திற் பிறைகள் கழிகின்றன. கிழங்குகள் உண்ணப்படாது எஞ்சுகின்றன. மீண்டு வந்தவன், அவற்றை முறைப்படி உண்டு முடிக்குமுன் விழாவுக்கு நாட்குறிக்க மறுக்கின்றான். நிலத்திற் கிழங்கு கெடுகின்றது. ஊர் பசியால் வாடுகின்றது. அவ்வேளை கிறித்தவ சபையார், தம் ஆலயத்துக்குக் காணிக்கை செலுத்துவோர் உலுவுக்கு அஞ்சாது கிழங்கு அகழலாமென அழைக்கின்றனர். மக்கள் செல்கின்றனர்.

உலுவை வீழ்த்தியவர் யாவர்? பூசகனைச் சிறையிட்டது அயலாட்சி. அது மறுக்கொணா உண்மை. ஆயின், முன்னரே நிலத்தகராறொன்றில் அவன் தன் ஊருக்கு எதிராக உண்மை உரைத்தமையும், நுவாக்கா முதலியோர் அவன்மீது கொண்ட காழ்ப்பும் ஊரைப் பிளந்திருந்தன. வெள்ளையரின் அறிவை அறிந்துவரத் தன் மகனொருவனை அவனே கிறித்தவரிடம் அனுப்பியிருந்தான். விழாவை மறுத்தது தெய்வ ஆணையோ, தன்னைக் கைவிட்ட ஊர்மேற் கொண்ட சினமோ என்பது அவனுக்கே தெளிவாகவில்லை. அச்சந் தீர்க்க மக்கள் ஆக்கிய தெய்வம், பசி வந்துற்றபோது அவர்களாலேயே கைவிடப்படுகின்றது.

பிளவு அகத்தே தோன்றியது. அதனுட் புகுந்து பெருக்கியது புறம். இத்தெளிவு அயலாட்சியின் பழியைக் குறைப்பதன்று. பூசலும் பிழையும் எச்சமுதாயத்தும் உள. அவற்றைத் தானே தீர்த்துக்கொள்ளுதற்கு வேண்டிய காலத்தைப் பறித்தமையே அயலாட்சி செய்த பெருந்தீங்கு.

குறையொன்றும் கூறற்பாலது. ஆணைப்பத்திரத் தலைவரின் கொடுமைக்கும் வரிக்கும் எதிராகத் தென்கிழக்கு நைஜீரியாவில் 1929ஆம் ஆண்டிற் கிளர்ந்தெழுந்தோர் பெண்களே. அத்தகைய பெண்களின் குரல் இந்நாவலில் இல்லத்து முற்றத்தைக் கடந்து ஒலிக்கவில்லை.

இறுதியில் எசேயுலு மகன் ஒபிக்காவை இழந்து மனம் பேதலிக்கின்றான். விதியைக் காத்தவன், அவ்விதி யாவர்பொருட்டு அமைந்ததோ அம்மக்களை இழந்தான். பண்பாட்டைப் பேண முனைவோர் யாவரும் எண்ணத்தக்கது இதுவே.