வரைபடத்தில் யாருடைய கூற்று?

ஆண்டுக்கு ஒருமுறையாவது ஏதேனும் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியிலிருந்து எனக்கு அழைப்பு வரும். "மேடம், ஐந்திணை பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும்" என்பார்கள். நகரத் திட்டமிடலும் நிலத்தோற்ற வடிவமைப்பும் படிப்பவர்களுக்குத் தமிழ் மரபு நிலத்தை எப்படிப் பார்த்தது என்று சொல்ல வேண்டுமாம். நானும் போவேன். முதல், கரு, உரி என்று பலகையில் எழுதி விளக்கிவிட்டு வருவேன். சில மாதங்கள் கழித்து அதன் விளைவு மாணவர்களின் ஷீட்டுகளில் தெரியும். சொகுசுக் குடியிருப்பின் நீச்சல்குளத்துக்கு 'நெய்தல்' என்று பெயர். அதன் பின்னால் எழுப்பிய மண்மேட்டுக்குக் 'குறிஞ்சி'. நடைபாதை ஓரத்து மரங்களுக்கு 'முல்லை'. இதைத்தான் அவர்கள் 'கான்செப்ட்' என்கிறார்கள்.

அப்படி ஒரு வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது ஒரு மாணவி தன் ஷீட்டுகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஆற்றங்கரை ஒன்றைப் பூங்காவாக மாற்றுவது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஸ்டுடியோ வேலை. அந்தக் கரையில் குடிசைகள் இருந்தன. இவளுடைய அம்மாவும் ஒருகாலத்தில் அப்படியொரு கரையில் வாழ்ந்து, வீட்டுவேலை செய்து இவளைப் படிக்கவைத்தவர். அதனால் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது இவளுக்குத் தெரிந்திருந்தது. முதல் ஷீட்டில் அவள் ஒரு நாளை வரைந்திருந்தாள். விடியுமுன் தண்ணீர் லாரி வந்து நிற்கும் இடம், வேலைக்குப் போகும் பெண்கள் நடக்கும் வழி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி உட்காரும் நிழல், இருட்டிய பிறகு யாரும் தனியாகப் போகாத கழிப்பறை, எரியாத விளக்குக்கம்பம். "இது சோஷியாலஜி. டிசைன் எங்கே?" என்று ஜூரியில் கேட்டிருக்கிறார்கள். அவள் அதை மடித்து வைத்துவிட்டுப் புல்வெளியும் சைக்கிள் பாதையும் போட்டு இன்னொன்று வரைந்தாள். நல்ல மதிப்பெண் கிடைத்தது. புகாராக இல்லாமல், ஒரு தகவல் போலத்தான் இதைச் சொன்னாள்.

அந்த இரண்டு ஷீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு என் துறையின் சொல் ஒன்று நினைவுக்கு வந்தது: கூற்று. அகப்பாடல்களுக்குக் கீழே 'தலைவி கூற்று', 'தோழி கூற்று', 'செவிலி கூற்று' என்று குறிப்பு இருக்கும். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாமல் பாடலுக்குப் பொருள் கொள்ள முடியாது. நகர வரைபடத்துக்குக் கீழே அளவுகோல் இருக்கிறது, வடக்கைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறது, குடியிருப்புக்கு மஞ்சள், பூங்காவுக்குப் பச்சை என்று வண்ண விளக்கமும் இருக்கிறது. கூற்று மட்டும் இல்லை. எல்லாருக்குமாகப் பேசுவதுபோல, மேலிருந்து பார்க்கும் ஒரு கண் பேசுகிறது. அது யாருடைய கண் என்று கேட்க இந்தப் படிப்பு கற்றுத்தருவதில்லை.

அளவுகளிலிருந்தே தொடங்கலாம். மாணவர்கள் நிலையான அளவுகளைத் தேடிப் புரட்டும் எர்ன்ஸ்ட் நோய்ஃபெர்ட்டின் கையேடு 1936-இல் வெளிவந்தது. அதில் நிற்பதும் நடப்பதும் உட்காருவதும் பெரும்பாலும் ஓர் ஆண் உருவம். லெ கொர்பூசியே தன் 'மாடுலர்' அளவுமுறைக்கு முதலில் 1.75 மீட்டர் உயர ஆணை எடுத்துக்கொண்டார். பிறகு அதை 1.83 மீட்டர், அதாவது ஆறடி ஆக்கினார். ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் வரும் மிடுக்கான போலீஸ்காரர்கள் ஆறடி உயரம் இருப்பார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அவருடைய நூலிலேயே இது பதிவாகியிருக்கிறது. ஒரு நாவல் போலீஸ்காரனின் உடல் சண்டிகர் வரை வந்து சேர்ந்தது. இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் ஐந்தடியை ஒட்டியது. பேருந்தின் முதல் படிக்குச் சேலையைத் தூக்கிப் பிடித்துக் கால் வைக்கும் எவருக்கும் இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

பெண்கள் இந்தத் துறையில் இல்லாததால் இப்படி ஆனது என்று நினைத்துவிடக் கூடாது. 1899-இல் அமெரிக்க நிலத்தோற்றக் கலைஞர் சங்கத்தைத் தொடங்கிய 11 பேரில் பீட்ரிக்ஸ் ஃபாரண்ட் ஒரே பெண். 1900-இல் ஹார்வர்டு இந்தப் படிப்பைத் தொடங்கியது. ஆனால் பெண்களைச் சேர்க்கவில்லை. சேர விரும்பிய ஒரு பெண்ணுக்குத் தனியாகப் பாடம் சொல்லப்போய், 1915-இல் பெண்களுக்கென்றே கேம்பிரிட்ஜ் பள்ளி உருவானது. 1942-இல் போர்க்காலத்தில் ஆண் மாணவர்கள் குறைந்தபோதுதான் ஹார்வர்டின் கதவு பெண்களுக்குத் திறந்தது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் பள்ளி மூடப்பட்டது. உள்ளே போக அனுமதி கிடைத்தது, தங்களுக்கென்று இருந்த இடம் போயிற்று. அனுமதி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இந்த ஆண்டை நினைத்துக்கொள்கிறேன்.

நமக்கு நெருக்கமான பெயர்களும் உண்டு. நகரத் திட்டமிடல் பாடத்தில் பேட்ரிக் கெடிஸ் தவறாமல் வருவார். 1914-15இல் சென்னை மாகாணத்துக்கு வந்து, தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதியவர். பழைய தெருக்களை இடித்துத் தள்ளாமல் சிறு சிறு திருத்தங்களால் சரிசெய்யலாம் என்றவர். சிதறிக் கிடந்த அவருடைய இந்திய அறிக்கைகளிலிருந்து தொகுத்து 1947-இல் நூலாகப் பதிப்பித்தவர் ஜாக்குலின் டிர்விட் என்ற பெண். ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்குப் போன வரலாற்றைப் படித்த நமக்குப் பதிப்பாசிரியரின் அருமை தெரியும். உ.வே.சா.வை விட்டுவிட்டுச் சங்க இலக்கியம் நடத்த முடியுமா? கெடிஸைப் படிக்கும் மாணவிகள் எத்தனை பேருக்கு டிர்விட்டின் பெயர் தெரியும்? சண்டிகர் என்றால் கொர்பூசியே. அங்கே வீடுகளை வடிவமைத்த ஜேன் ட்ரூவும், 1951-இல் அந்தக் குழுவில் சேர்ந்து பின்னாளில் பஞ்சாபின் தலைமைக் கட்டடக்கலைஞராகவும் இருந்த ஊர்மிளா யூலி சௌத்ரியும் அடிக்குறிப்பில் வந்தால் பெரிது.

வகுப்பில் மாணவிகள் நிறைய இருக்கிறார்கள், இனி எல்லாம் மாறிவிடும் என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. எண்ணிக்கை மாறினாலும் பாடத்தின் கண் அதேதான் என்றால், மாணவிகள் தங்களுக்குத் தெரிந்ததை மறக்கக் கற்றுக்கொள்கிறார்கள். என்னிடம் வந்த மாணவி முதல் ஷீட்டை மடித்து வைத்தாளே, அதுதான் அவள் அந்தப் பருவத்தில் கற்ற பாடம்.

இந்த மறதியின் விலையைத் தருபவர்கள் வேறு பெண்கள். 2000 முதல் சென்னையின் ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்தவர்கள் ஒக்கியம் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். வரைபடத்தில் அது குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு. ஆனால் நடந்துபோகும் தூரத்தில் நான்கு வீடுகளில் வேலை பார்த்த பெண்ணுக்கு அந்த நான்கு வீடுகளும் போய்விட்டன. வீடு ஒரு வண்ணம், வேலை இன்னொரு வண்ணம் என்று பிரிக்கும் திட்டம், வீட்டிலேயே இருக்கும் ஒரு மனைவியை நம்பித்தான் நிற்கிறது என்று டோலோரஸ் ஹேடன் 1980-இல் வாதிட்டார். வாசலில் இட்லி சுட்டு விற்பவளுக்கு வீடும் வேலையும் ஒரே திண்ணை. அவளை எந்த வண்ணத்தில் தீட்டுவது?

இந்த இடத்தில் என் துறையையும் விசாரிக்க வேண்டும். ஐந்திணையை ஆதிச் சூழலியல் என்று கொண்டாடி, மாற்றுப் பாடத்திட்டமாக நீட்டுவது எளிது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். அவன் போவான், அவள் வீட்டில் காத்திருப்பாள். தினைப்புனம் காத்த குறிஞ்சிப் பெண்ணுக்கு இற்செறிப்பு வந்துவிடுகிறது. நிலத்தோடு பெண்ணைக் கட்டிப்போடும் இலக்கணமும் அதில் இருக்கிறது. அந்த இலக்கணத்துக்கு வெளியே, பெரும்பாணாற்றுப்படையில் மோர்ப்பானையைத் தலையில் சுமந்து போய் விற்று, தன் சுற்றத்தைக் காப்பாற்றும் ஆயர்மகளும் இருக்கிறாள். நெய் விற்ற விலைக்குப் பொன் வேண்டாம், எருமை கொடு என்று கேட்டு வாங்கும் கணக்கு தெரிந்தவள். வடிவமைப்பு மாணவர்களுக்கு இவளை நான் இதுவரை சொன்னதில்லை. நீச்சல்குளத்துக்கு நெய்தல் என்று பெயர் வந்ததில் என் பங்கும் இருக்கிறது.

இன்னொன்றையும் நான் வேகமாகக் கடந்துவிட்டேன். தொல்காப்பியத்தில் முதற்பொருள் என்பது நிலம் மட்டுமன்று, நிலமும் பொழுதும். முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், பாலைக்கு நண்பகல். பொழுது இல்லாமல் நிலத்துக்குப் பொருள் இல்லை. நில வரைபடத்திலோ பொழுதே இல்லை. எந்நேரமும் நண்பகல்போல ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. காலை பதினொரு மணிக்குப் பூங்காவாக இருப்பது இரவு எட்டு மணிக்கு ஒரு பெண் சுற்றிக்கொண்டு போக வேண்டிய இடமாகிவிடுகிறது. அந்த மாணவியின் மடித்த ஷீட்டில் இருந்தது இந்தப் பொழுதுதான். இலக்கணப்படி பார்த்தால் முதற்பொருளை முழுமையாக எழுதியவள் அவள். ஜூரி அதை டிசைன் இல்லை என்றது.

இப்போது அழைப்பு வந்தால் இரண்டு நிபந்தனைகள் சொல்கிறேன். ஒன்று, நான் பேசும் முன் மாணவர்கள் தங்கள் சைட்டுக்கு விடியுமுன் ஒருமுறையும் இருட்டிய பின் ஒருமுறையும் போய்வர வேண்டும். அந்த நேரங்களில் எந்த மாணவியால் போக முடியவில்லையோ, ஏன் முடியவில்லை என்பதையும் அவள் எழுத வேண்டும். அதுவும் அந்த நிலத்தைப் பற்றிய தரவுதான். இரண்டு, ஒவ்வொரு ஷீட்டின் கீழும், அளவுகோலுக்கும் வடக்குக்கும் பக்கத்தில், இது யார் கூற்று என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

ஒரு கல்லூரி, பாடத்திட்டத்தில் இதற்கு நேரமில்லை என்றது. இன்னொரு கல்லூரியில் ஒரு வகுப்பு முழுக்க எழுதிக் கொடுத்தார்கள். பாதிப் பேர் 'வடிவமைப்பாளர் கூற்று' என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி 'பூ விற்கும் அம்மா சொல்ல, நான் வரைந்தது' என்று எழுதியிருந்தாள். அவளுடைய நடைபாதையில், கூடையை இறக்கிவைக்க ஒரு கல் இருந்தது.