உள்ளே ஓடும் வாய்க்கால்

கரவெட்டி வீட்டு மேசையில் ஒரு மடிக்கணினி. அதற்குள் மெய்நிகராய் இன்னொரு கணினி. இரண்டுக்கும் நடுவே கம்பிகூட இல்லை. ஆனாலும் கோப்பு ஒன்றை அனுப்பினால் ஆமைநடைதான்.

காரணம் நடிப்பு. உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்கு இன்டெலின் ஈ1000 வலையட்டை இருப்பதாகக் காட்டியிருந்தேன். அந்த இல்லாத அட்டையின் பதிவகத்தில் எழுதும்போதெல்லாம் செயலி வேலையை நிறுத்தி வெளியே வரவேண்டும். வெளியே உள்ள மென்பொருள், அட்டையாக நடித்து முடித்தபின் உள்ளே திரும்பவேண்டும். எங்கள் தோட்டங்களில் முன்பு துலா மிதித்துப் பட்டை பட்டையாகத் தண்ணீர் இறைத்தார்களே, அந்தப் பாடு.

இந்த நடிப்பைக் கைவிட்டது, ரஸ்டி ரஸ்ஸல் உருவாக்கிய வெர்ட்ஐஓ என்ற இடைமுகம். அது 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.6.24இல் சேர்ந்தது. அதன் அழகு நேர்மையில் இருக்கிறது. 'நீ மெய்நிகர்க் கணினிதான்' என்று உள்ளே இருப்பதிடம் சொல்லிவிடுகிறது. பிறகு இருதரப்புக்கும் பொதுவாக நினைவகத்தில் ஒரு வளைய வரிசை. பொதிகள் கிடக்கும் முகவரிகளை அதில் அடுக்கி ஒருமுறை தட்டினால் போதும். பல பொதிகளுக்கு ஒரே தட்டு. வாய்க்காலைத் திறந்துவிட்டாற்போல் தரவு பாய்கிறது! 2010இல் விஹோஸ்ட்-நெட் வெளிப்பக்கத்தில் வரிசையைக் கையாளும் வேலையை வெளிக் கணினியின் கெர்னலுக்குள்ளேயே கொண்டுபோனது. எனக்கு இதைவிடச் சிக்கனமான வடிவமைப்பு தெரியாது.

உள்ளே ஓடுவது லினக்ஸ் என்றால் வெர்ட்ஐஓவுக்கான இயக்கி கூடவே வருகிறது. விண்டோஸ் என்றால் தனியே நிறுவவேண்டும். உங்கள் மெய்நிகர்க் கணினியின் அமைப்பில் வலையட்டையின் வகையை ஒருதரம் பாருங்கள். ஈ1000 என்றிருந்தால் இன்றைக்கே வெர்ட்ஐஓவுக்கு மாற்றிவிடுங்கள்.