மழையில் ஒரு போலோ, முன்னால் ஒரு போர்ஷே

ஐந்நூறு குதிரைத்திறன் போர்ஷேயை ஒரு பழைய போலோ கார் துரத்திப் பிடித்ததைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன், அதுவும் அந்தப் போலோவுக்குள்ளேயே, தலையில் ஹெல்மெட்டோடு, ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன்! இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில், மழை ஈரம் காயாத ஒரு பிற்பகலில். அன்றிலிருந்து யார் கிடைத்தாலும் இதே பேச்சுதான். டீக்கடையில் சொல்லியாச்சு, பஞ்சர் கடையில் சொல்லியாச்சு, மார்க்கெட்டில் மீன் வாங்க நின்ற இடத்தில்கூடச் சொல்லியாச்சு. இப்போது நீங்கள் மாட்டியிருக்கிறீர்கள், கேளுங்கள்.

புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் புதிதில்லை. சனிக்கிழமையானால் போதும், சென்னையிலிருந்து ஈசிஆரில் வருகிற மஞ்சளும் சிவப்புமான வண்டிகளில் சில, கோட்டக்குப்பம் தாண்டி நம்ம மகாத்மா காந்தி சாலைக்குள் நுழையும். மணிக்கூண்டுப் பக்கம் வந்ததும் ஒரு ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். பையன்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், நானும் ஓடுவேன், எனக்கு வயசு ஒரு பொருட்டே இல்லை. அந்த உறுமல் நெஞ்சுக்குள் வந்து உட்காரும் பாருங்கள், அதற்காகவே எத்தனை சனிக்கிழமை வேண்டுமானாலும் வெயிலில் நிற்கலாம். ஆனால் அந்த வண்டி உண்மையிலேயே என்ன செய்யும், யார் கையில் இருந்தால் செய்யும் என்பதை எங்கள் தெருவில் நின்று தெரிந்துகொள்ள முடியாது.

வண்டியா, ஓட்டுகிறவரா என்ற வாதம் எங்கள் வீட்டில் பழசு. பிரான்சிலிருந்து லீவுக்கு வரும் பெரியப்பா, ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அலென் ப்ரோஸ்டின் பக்தர். வில்லியம்ஸ் காரில் ரெனோ என்ஜின், அதில் ப்ரோஸ்ட், அவ்வளவுதான், உலகத்தில் வேறெதுவும் வேண்டாம் அவருக்கு. நான் ஐர்டன் சென்னா கட்சி. எப்போது பேச்சு முற்றினாலும் நான் 1993 ஏப்ரலில் போய் நிற்பேன். இங்கிலாந்தில் டோனிங்டன் பார்க், மழை, நாலாவது இடத்தில் கிளம்பிய சென்னா ஐந்தாவதாகப் பின்தங்கி, அதே முதல் சுற்று முடிவதற்குள் ஷூமேக்கர், வெண்ட்லிங்கர், டேமன் ஹில், கடைசியில் பெரியப்பாவின் ப்ரோஸ்ட் என்று ஒவ்வொருவராகத் தாண்டி முதலிடத்துக்கு வந்தார்! அவர் ஓட்டிய மெக்லாரனில் இருந்தது ரெனோவைவிடச் சக்தி குறைந்த ஃபோர்டு என்ஜின். "மழை பெய்ஞ்சதாலதாண்டா" என்பார் பெரியப்பா. மழை எல்லாருக்கும்தானே பெய்தது பெரியப்பா!

அந்த மழை எனக்கும் ஒருநாள் பெய்தது. நண்பர் ஒருவர் மூலம், ட்ராக்கில் பழகிப் பார்க்க வருகிறவர்களோடு உள்ளே போகும் வாய்ப்பு. வாசலிலேயே எனக்குப் புல்லரிப்பு. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் வருஷக்கணக்காக ரேஸ் நடத்திவிட்டு, 1990-இல் இங்கே கொண்டுவந்த ட்ராக் இது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2010-இல் அடுத்து போன சென்னை கருண் சந்தோக், எல்லாரும் டயர் தேய்த்த மண். கீழே குனிந்து தார் ரோட்டைத் தொட்டுப் பார்த்தேன். யார் பார்த்தால் எனக்கென்ன!

வண்டிகள் நிற்கும் பிட்டில் அந்தப் போர்ஷே 911 ஜிடி3 நின்றது. நாலு லிட்டர், ஆறு சிலிண்டர், ஒன்பதாயிரம் ஆர்பிஎம் வரை சுற்றுகிற என்ஜின், பின்புறத்தில். அதற்குப் பக்கத்தில் வெள்ளைக் கலர் போலோ ஜிடி ஒன்று, 105 குதிரைத்திறன், உள்ளே பின் சீட், கம்பளம், பாட்டு எல்லாவற்றையும் உருவிப்போட்டு இரும்புக் கூண்டு மாட்டியிருந்தார்கள். அதை ஓட்ட வந்தவர் முப்பது வயசுகூட ஆகாத ஒரு பெண், பயிற்சியாளர். "அண்ணா, பெல்ட் டைட்டா இருக்கா? பயமா இருந்தா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்" என்றார். நான் கையைத் தூக்கவே இல்லை.

இப்போது கற்பனை செய்துகொள்ளுங்கள். மெயின் ஸ்ட்ரெய்ட்டில் போர்ஷே நம்மை விட்டுப் பறக்கிறது, நேர்ரோட்டில் அதைத் தொட முடியாது, ஒரு புள்ளியாகிவிட்டது, என் மனசு லேசாக இறங்கிப்போச்சு. எதிரே சி1, முதல் வளைவு. போர்ஷேயின் பிரேக் விளக்கு எரிகிறது, ரொம்ப முன்னாலேயே எரிகிறது, நம்ம ஆள் இன்னும் ஆக்ஸிலரேட்டரிலேயே இருக்கிறார், நான் என் பக்கத்துத் தரையை மிதிக்கிறேன், இல்லாத பிரேக்கை மிதிக்கிறேன், இன்னும் மிதிக்கவில்லையே அம்மா என்று நினைத்த நொடியில் பிரேக்! வயிறு பெல்ட்டில் போய் மோதுகிறது, வண்டியின் எடை முழுக்க முன் டயருக்குப் பாய்கிறது, அந்த எடை உட்கார்ந்திருக்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்புகிறார், பிரேக்கைப் படக்கென்று விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக, நிறைகுடத்தை இடுப்பிலிருந்து இறக்குகிற மாதிரி விடுகிறார், பின்பக்கம் லேசாக நழுவுகிறது, அவர் கை ஒரு விரல்கடை எதிர்ப்பக்கம் போய் வருகிறது, அவ்வளவுதான், வண்டி உள்வளைவின் கோட்டைத் தொட்டுவிட்டு வெளியே விரிகிறது, நான் கத்துகிறேன், என்ன கத்தினேன் என்று தெரியாது, தமிழா என்றுகூடத் தெரியாது, கண்ணைத் திறந்தால் அந்தப் புள்ளி மறுபடி காராகியிருக்கிறது! அடுத்த வளைவில் அதன் நம்பர் பிளேட் தெரிகிறது, அதற்கடுத்ததில் அது வாரியடிக்கும் தண்ணீர் நம் கண்ணாடியில் அடிக்கிறது, போர்ஷே ஓட்டியவர் நல்ல மனுஷர், கையைக் காட்டி வழி விட்டார், நாங்கள் தாண்டினோம், ஐயோ, தாண்டினோம்!

எப்படி இது நடக்கும்? பிட்டுக்கு வந்ததும் பயிற்சியாளரை விடாமல் கேட்டேன். ஒரு டயர் ரோட்டைத் தொடுவது ஒரு உள்ளங்கை அளவு இடத்தில்தான், லட்சத்தில் வாங்கினாலும் கோடியில் வாங்கினாலும் அதில் பெரிய வித்தியாசமில்லை என்றார். அந்த நாலு உள்ளங்கைக்குள் எடையை எங்கே, எப்போது வைப்பது என்பதுதான் ஓட்டுவது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவையான தூரம் நாலு மடங்காகும், அதனால் பயந்தவர் முன்னாலேயே மிதிப்பார், பிரேக்கிலேயே நேரத்தைத் தொலைப்பார். என்ஜின் பின்னால் இருக்கிற 911-இல் வளைவின் நடுவே பயந்து காலை எடுத்தால் எடை முன்னால் ஓடும், பின் டயர் பிடி விட்டு வால் சுழன்றுவிடும். அது தெரிந்தவர் மரியாதையாக மெதுவாகத்தான் போவார். நியாயம்தான். கண் எங்கே பார்க்கிறது என்பது இன்னும் முக்கியமாம். நான் கவனித்தேன், அவர் பார்வை நாங்கள் இருந்த வளைவில் இல்லவே இல்லை, அடுத்ததில் இருந்தது.

இதே மாதிரி ஒன்றை முன்பே டிவியில் பார்த்திருக்கிறேன். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ட்ராக்கில் 2005-இல் சபீன் ஷ்மிட்ஸ் என்ற பெண் ஒரு ஃபோர்டு டிரான்சிட் டீசல் வேனை, ஆமாம் வேனை, இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பழைய சுற்றில் 10 நிமிடம் 8 விநாடியில் ஓட்டினார். டிவி தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சன் அதே தடத்தில் டீசல் ஜாக்குவாரை 9 நிமிடம் 59 விநாடியில் ஓட்டியிருந்தார். சாமான் ஏற்றுகிற வேனுக்கும் ஜாக்குவாருக்கும் இடைவெளி ஒன்பதே விநாடி! அந்தப் படத்தைப் பார்த்தபோது டிவிக்காகக் கொஞ்சம் ஏற்றியிருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அது இருங்காட்டுக்கோட்டையிலேயே கரைந்துபோச்சு.

இருங்கள், உச்சம் இனிமேல்தான். போர்ஷேக்காரர் இறங்கி வந்து, "மேடம், நீங்க ஒரு ரவுண்டு எடுத்துக் காட்டுங்களேன்" என்று சாவியை நீட்டினார். அந்தக் காரின் டயர் காய்ந்த ரோட்டுக்கென்றே செய்தது, ஈரத்தில் சரிப்படாது என்று யாரோ சொன்னார்கள், சொல்லட்டும். அதே கார், அதே டயர், அதே ஈரம். நான் பிட் சுவரில் சாய்ந்து நின்றேன். கடைசி வளைவிலிருந்து அது வெளியே வந்தபோது கேட்ட சத்தம் இருக்கிறதே! ஆறு சிலிண்டரும் ஒன்பதாயிரத்தை நோக்கி ஏறுகிற அலறல், காதில் இல்லை, பல்லில் கேட்டது. சற்றுமுன் தயங்கித் தயங்கி வளைந்த அதே வண்டி இப்போது ஈரத்தில் கோடு கிழித்துக்கொண்டு, கொஞ்சம் வாலாட்டிக்கொண்டு, சி1-க்குள் எங்கள் போலோவைவிடப் பிந்தி பிரேக் பிடித்து நுழைந்தது! பக்கத்தில் நின்ற உரிமையாளரின் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான், தன் கார் என்னவென்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் போர்ஷே எந்தத் தப்பும் செய்யவில்லை, அது அந்தக் கைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஸ்போர்ட்ஸ் காரை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். தெரிந்தவர் கையில் அது சொர்க்கம்.

நீங்களும் போய்ப் பாருங்கள், தயவுசெய்து போய்ப் பாருங்கள். தேசியப் போட்டி நடக்கும் வார இறுதியில் புதுச்சேரியிலிருந்து விடியற்காலை கிளம்பினால் திண்டிவனம், செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள்கோவில், ஒரகடம் வழியாகக் காலை ரேஸுக்கே சேர்ந்துவிடலாம். அதிலும் ஃபார்முலா எல்ஜிபி ரேஸைத் தவற விடாதீர்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஒரே 1300 சிசி மாருதி என்ஜின், அதனால் முன்னால் வருகிறவர் எதனால் முன்னால் வருகிறார் என்பது கண்ணுக்கு நேரே தெரியும். ஈசிஆரில் சீறிப் பார்க்கும் ஆசை உள்ள தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: அந்தக் காசையும் ஆசையையும் ட்ராக்குக்குக் கொண்டுபோங்கள், முதலில் ஒரு பயிற்சியாளரின் பக்கத்து சீட்டில் ஏறி உட்காருங்கள், ஸ்டியரிங்கை அப்புறம் தொடலாம்.