சினமும் நம்பிக்கையும்: புறூஸ் கோபேர்ணின் இசைத்தட்டொன்று பற்றிய சில குறிப்புகள்

சமயப் பாடல்களைப் பற்றிப் பேசப் புகும் முற்போக்கு விமர்சகர் பெரும்பாலும் ஒரு முன்முடிவுடனேயே புகுகின்றனர். துன்பத்துக்கு மறுமையிலே பரிகாரம் காட்டி, இம்மையில் மனிதனை அமைதிப்படுத்துவதே அப்பாடல்களின் தொழில் என்பது அம்முடிவு. வட அமெரிக்காவில் 1970 களிலிருந்து தனியொரு வர்த்தகத் துறையாக வளர்ந்த 'சமகாலக் கிறிஸ்தவ இசை'யைப் பொறுத்தவரை இது பெருமளவு பொருந்தவே செய்கின்றது. அத்துறைப் பாடல்களில் நம்பிக்கை என்பது தனிமனிதனுக்கும் இறைவனுக்கும் இடையே நிகழும் அந்தரங்கமான ஆறுதல். அங்கு பாடப்படும் இருளுக்கு ஊருமில்லை, ஆண்டுமில்லை. அவ்விருளை உண்டாக்கியவரின் பெயருமில்லை. ஆயின் கிறிஸ்தவ நம்பிக்கை முழுவதையும் இச்சட்டகத்துள் அடக்கிவிடலாமா? கனடியப் பாடகரும் பாடலாசிரியருமான புறூஸ் கோபேர்ண் 1984 இல் வெளியிட்ட 'ஸ்டீலிங் ஃபயர்' என்னும் இசைத்தட்டு இவ்வினாவைத் தவிர்க்க முடியாததாக்குகின்றது. 'தீயைக் கவர்தல்' என்பது அத்தலைப்பின் பொருள்.

1945 இல் ஒட்டாவாவில் பிறந்த கோபேர்ண், 1970 களின் நடுப்பகுதியில் கிறிஸ்தவத்தைத் தழுவினார். அக்காலப் பாடல்களில் இயற்கையும் இறையனுபவமுமே மேலோங்கி நின்றன. 1983 இல் ஒக்ஸ்பாம் அமைப்பின் அழைப்பின் பேரில் அவர் மத்திய அமெரிக்காவுக்குச் சென்றமை அவரது கலை வாழ்வின் திருப்புமுனை எனலாம். புரட்சி நடந்து நான்காண்டுகளே கழிந்திருந்த நிக்கரகுவாவையும், மெக்சிக்கோவின் தென்பகுதியான சியாப்பாசில் குவாத்தமாலா அகதிகள் தங்கியிருந்த முகாம்களையும் அவர் நேரிற் கண்டார். இசைத்தட்டின் இறுதி மூன்று பாடல்களும் இப்பயணத்தின் விளைவுகளே.

இங்கு வரலாற்றுப் பின்னணியைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியம். 1982 மார்ச்சில் குவாத்தமாலாவின் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி எஃப்ரெயின் ரியோஸ் மொன்ற் 'மறுபிறப்படைந்த' கிறிஸ்தவர். ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் தோன்றி மக்களுக்கு அறநெறி போதித்தவர். அதே வேளையில் அவருடைய படைகள் மலைப்பகுதி மாயா கிராமங்களை அழித்துக்கொண்டிருந்தன. 1960 முதல் 1996 வரை நீடித்த அவ்வுள்நாட்டுப் போரில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர் என உண்மை ஆணைக்குழு 1999 இல் மதிப்பிட்டது; அடையாளங்காணப்பட்ட பலியானோரில் 83 வீதமானோர் மாயா மக்கள். ஆகவே, எல்லை கடந்து வந்து முகாம்களைத் தாக்கிய உலங்குவானூர்திகளைப் பற்றிக் கோபேர்ண் பாடும்போது, அவர் எதிர்நிற்பது இறைமறுப்பாளர் ஒருவரையன்று. தம்மைப் போலவே விவிலியத்தைக் கையில் ஏந்திய ஒருவரை. இவ்வுண்மையைக் கருத்திற் கொள்ளாது அப்பாடலை மதிப்பிடுவது பயனற்றது.

'என்னிடம் உந்துகணைச் செலுத்தி இருந்தால்' என்பது அப்பாடலின் தலைப்பு. அதன் கட்டமைப்பு எளியது: ஒவ்வொரு கண்ணியும், அக்கருவி கிடைத்தால் பாடுபவர் என்ன செய்வார் என்பதிலே முடிகின்றது, கண்ணிக்குக் கண்ணி அச்சொல் கடுமையாகி, இறுதியிற் கொலையில் வந்து நிற்கின்றது. வெறுப்பில் தமக்கு நம்பிக்கையில்லை எனக் கூறும் வாயே அடுத்த மூச்சில் பதிலடி கொடுப்பதாகவும் கூறுகின்றது. இம்முரண்பாட்டை ஆசிரியர் தீர்த்துவைக்க முயலவில்லை. பாடலின் நேர்மை இதிலேதான் தங்கியுள்ளது என்பது என் கருத்து. இது ஆயுதமேந்துமாறு விடுக்கும் அழைப்பன்று எனக் கோபேர்ண் பின்னர் விளக்கமளித்தார். அவ்விளக்கம் அத்துணை தேவையானதன்று. 'இருந்தால்' என்னும் நிபந்தனையே, கருவி கையில் இல்லை என்பதையும், அந்த இயலாமையே சினமாக மாறியது என்பதையும் உணர்த்திவிடுகின்றது. கிறிஸ்தவ வாசகர் சிலர் இப்பாடலால் அதிர்ச்சியுற்றதற்கும் நியாயமில்லை. பாபிலோனுக்குச் சிறைசென்றோரின் புலம்பலாக அமைந்த 137 ஆம் சங்கீதத்தின் முடிவை வாசித்தவர்க்கு இச்சினம் புதிதாகத் தோன்றாது.

எனினும் ஒரு குறையைச் சுட்டாதிருக்க முடியவில்லை. முகாமிலிருந்து விடுதி அறைக்கும், அங்கிருந்து தன் நாட்டுக்கும் திரும்பக்கூடியவனின் சினம் இது. மாயா அகதிகள் இப்பாடலில் எண்ணிக்கையாகவும் காட்சியாகவும் வருகின்றனரேயன்றித் தம் குரலிற் பேசுபவராக வரவில்லை. 1985 இல் இப்பாடல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 88 ஆம் இடத்தைப் பெற்றபோது, கேட்டவர்களிற் பெரும்பாலோர் அறிந்தது பாடகரின் கொதிப்பை, அகதிகளின் அரசியலையன்று.

இத்தகைய இசைத்தட்டை நம்பிக்கையின் இசைத்தட்டு என எவ்வாறு கூறலாம்? அதன் முதற்பாடலான 'அபாயகரமான காலத்துக் காதலர்' இதற்கு வழிகாட்டுகின்றது. பாடசாலை முற்றத்திலே தம் மகளையும் அவளை ஒத்த சிறுவரையும் நினைத்தபோது எழுந்த பாடல் அது என்பர். அணுவாயுத அச்சம் மிகுந்திருந்த அக்காலத்தில், எதிர்காலம் உண்டா என்பதே அறியாத தலைமுறை கைகோத்து நிற்கின்றது. அப்பாடலில் ஒளி தானாக விடிவதில்லை. இருளோடு மோதியே அது பெறப்பட வேண்டியுள்ளது. நம்பிக்கை இங்கு மனநிலையன்று, செயல். இடையில் வரும் பாடல்கள் காதலும் நட்பும் நகர வாழ்வும் பற்றியவை. இனிமையானவை, ஆனால் இவ்வாய்வுக்கு அதிகம் உதவுவன அல்ல.

'நிக்கரகுவா' என்னும் பாடலை இன்று கேட்பவருக்கு ஒரு சங்கடம் ஏற்படுவது இயல்பு. குருவும் கவிஞருமான ஏர்னெஸ்ரோ கார்டெனால் பண்பாட்டு அமைச்சராக இருந்த அப்புரட்சி அரசு, விடுதலை இறையியலுக்கு ஒரு நாட்டையே உதாரணமாகத் தந்ததாகக் கருதப்பட்டது. அதே புரட்சியின் தலைவர்களில் ஒருவரான டானியல் ஒர்ரேகா 2007 இல் மீண்டும் பதவிக்கு வந்து, 2018 இல் ஆர்ப்பாட்டக்காரரைக் கடுமையாக ஒடுக்கினார். 2020 இல் மறைந்த கார்டெனால் அவரது ஆட்சியைக் கண்டித்தவர்களுள் ஒருவர். குவாத்தமாலாவிலோ, 2013 மே மாதத்தில் இனப்படுகொலைக் குற்றத்துக்காக ரியோஸ் மொன்றுக்கு விதிக்கப்பட்ட 80 ஆண்டுத் தண்டனையை அரசியலமைப்பு நீதிமன்றம் பத்தே நாட்களில் இரத்துச் செய்தது. 2018 இல் அவர் இறக்கும்வரை இறுதித் தீர்ப்புக் கிடைக்கவில்லை. பாடல்கள் எதிர்பார்த்தது எதுவும் நிறைவேறவில்லை என ஒருவர் கூறக்கூடும். ஆனால் பாடலைக் கூர்ந்து கேட்டால், கோபேர்ண் அந்நாட்டுக்குச் சூட்டும் புகழை அக்கணத்துக்கு மட்டுமே உரியதாக வரையறுத்திருப்பது புலனாகும். வரலாற்றின் வெற்றிக்கு அவர் உத்தரவாதம் அளிக்கவில்லை. ஒரு மக்கட் கூட்டம் ஒரு பொழுதில் எவ்வாறு வாழ்ந்தது என்பதற்குச் சாட்சி கூறுகிறார்.

சினத்தின் பாடலுக்குப் பின்னர் இசைத்தட்டு அமைதியாகவே முடிகின்றது. 'தூசியும் டீசலும்' என்னும் இறுதிப் பாடலில் இறைவனும் இல்லை, கோட்பாடும் இல்லை. அந்திவேளைத் தெரு, வாகன விளக்கொளியில் வீழ்ந்து கிடக்கும் சோளமூட்டை, பருத்திச் சட்டைக்கு மேல் கைத்துப்பாக்கி கட்டிய பெண்ணொருத்தி புன்னகையுடன் போக்குவரத்தை வழிப்படுத்திக்கொண்டு நிற்கிறாள்.