ஆபிரகாம் பண்டிதரின் இசைப்பணி: ஒரு மதிப்பீடு

திருநெல்வேலிச் சீமையில் பிறந்து தஞ்சையில் இசைப்பணியாற்றிய கிறிஸ்தவர் இருவர் உளர். 1774இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை நம் சபைகள் இன்றும் பாடிவருகின்றன. 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதரையோ தமிழிசை ஆய்வாளர் போற்றும் அளவிற்குத் திருச்சபை அறிந்திலது. அறிந்தோரும் ‘நம்மவர்’ என்று பெருமை கூறி அமைகின்றனர். பெருமை பாராட்டுதல் வேறு, மதிப்பிடுதல் வேறு. பின்னதே அவருக்குச் செய்யும் மெய்யான மரியாதை என்று கருதுகிறோம்.

இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ளது சாம்பவர் வடகரை. அங்குப் பிறந்த பண்டிதர் திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அவ்வூரிலேயே சடையாண்டிப் பத்தரிடம் இசை பயின்றார். பின்னர்த் தஞ்சையில் தம் துணைவியாருடன் பள்ளி ஆசிரியராயிருந்து, அப்பணியை விட்டுச் சித்த மருத்துவத்தில் இறங்கினார். மருத்துவம் ஈட்டித் தந்த பொருளை இசையாய்விற்கே செலவிட்டார். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, இசைவாணரையும் அறிஞரையும் அழைத்துப் பல மாநாடுகள் கூட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் தம் முடிவுகளை எடுத்துரைத்தார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ முதற்பகுதி வெளிவந்தது. 1919இல் அவர் மறைந்தார். இரண்டாம் பகுதியை அவருடைய மகள் மரகதவல்லி 1946இல் வெளியிட்டார்.

நூலின் மையக் கேள்வி சுருதி பற்றியது. ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் என்பது பரதர், சார்ங்கதேவர் வழிவந்த கொள்கை. பண்டிதர் அதனை ஏற்கவில்லை. சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் சான்றாகக் கொண்டு, 12 சுரங்களும் 24 சுருதிகளும் சம அளவில் அமைவனவே என்று நிறுவ முயன்றார். அவர் எதிர்கொண்ட இடர் கணக்கில் உள்ளது. தந்தியின் மூன்றில் இரண்டு பங்கில் பஞ்சமம் பிறக்கும். இவ்வாறு பன்னிரண்டு முறை ஏறிச் சென்றால் ஏழு ஸ்தாயிகளைக் கடந்து, ஏறத்தாழ ஓர் அரைச்சுரத்தின் கால்பங்கு மிஞ்சும், வட்டம் மூடாது. வட்டம் மூடவேண்டுமாயின் ஒவ்வொரு பஞ்சமமும் அணுவளவு குறையவேண்டும். இதனைப் பக்கம் பக்கமாகக் கணக்கிட்டுக் காட்டிய உழைப்பு வியக்கத்தக்கது. தொன்மையானது என்பதற்காகவே ஒன்றை ஏற்காமல், எண்ணாலும் செவியாலும் சோதித்த துணிவு அதனினும் பெரிது. யாவற்றையும் சோதித்து நலமானதைப் பற்றிக்கொள்ளுமாறு பவுல் தெசலோனிக்கேயருக்கு உரைத்த அறிவுரையை ஓர் இசைநூலில் செயலாகக் காண்கிறோம்.

எனினும் அதே அளவுகோலை அவர்மீதும் வைத்தல் வேண்டும். கடல்கொண்ட லெமூரியாவைத் தமிழிசையின் தாயகமாக அவர் கொண்டதை இன்றைய நிலவியல் ஆதரிக்கவில்லை. பண்டைய உரைகளில் அவர் கண்ட சம அளவுகள் உரையாசிரியர் கருத்தா, அவர் தம் கணக்கின் வழியே கண்டதா என்பதும் வினாவிற்குரியது. மேலும், நம் இசையில் சுரம் அசைந்தும் வழுக்கியும் ஒலிப்பது. கமகத்தைச் சம அளவு கொண்ட அட்டவணை முற்றிலும் அடக்காது.

இது வெறும் இசைநூற் சிக்கலன்று. நம் ஆலயங்களில் இன்று ஒலிக்கும் மின்விசைப் பலகைகள் பன்னிரு சம சுரங்களை உடையன. பண்டிதரின் கணக்கு அப்பலகையின் பக்கம் நிற்பதாகத் தோன்றும். ஆனால் நெல்லைச் சிற்றூர்ச் சபையில் மூதாட்டியர் கீர்த்தனை பாடுகையில் குரல் கட்டைகளின் இடையே நடக்கிறது. பலகைக்கு இசையாத குரலைப் பிழையென்று அடக்குவோமாயின், செவியைச் சான்றாக அழைத்த பண்டிதரின் வாழ்விற்கு மாறாக அவருடைய அட்டவணையை மட்டுமே பின்பற்றியவர்களாவோம்.

இறையியல் மாணவர் கருதவேண்டியன இன்னும் இரண்டு உள. சுருளிமலையில் தமக்கு மருந்துமுறை கற்பித்த கருணானந்தர் என்னும் துறவியின் பெயரையே அவர் தம் நூலுக்கும் தோட்டத்திற்கும் சூட்டினார். கிறிஸ்தவராகவே வாழ்ந்து, வேற்றுச் சமயத்துக் குருவிற்கு நன்றிக்கடனை மறையாது செலுத்தினார். சமய உரையாடல் குறித்து நாம் எழுதும் கட்டுரைகள் பலவற்றினும் இச்செயல் தெளிவாகப் பேசுகிறது. இரண்டாவது, பரோடாவில் அறிஞர் அவைமுன் வீணையில் அவருடைய முடிவுகளை விளக்கிக் காட்டியவர்கள் அவருடைய புதல்வியர். இசையைக் குலத்தொழிலாகக் கொள்ளாத ஒரு குடும்பத்துப் பெண்கள் அவ்வவையில் அமர்ந்தமை ஒரு கதவு திறந்ததற்கு ஒப்பாகும்.

அக்கதவு எவ்வளவு திறந்தது? மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, ஒடுக்கப்பட்ட மக்களின் நாட்டார் இசையே விடுதலையின் நற்செய்தியை ஏந்தவல்லது என்று வாதிட்டார். அவ்வாதத்தின் முன் பண்டிதரை நிறுத்தினால், குறை தெரிகிறது. செவ்விசை ஒரு சாராரின் தனியுடைமையன்று, தமிழ் மக்களுடையது என்று அவர் நிலைநாட்ட முனைந்தார். ஆயின் வயற்பாட்டிற்கும் பறைக்கும் அவருடைய சாகரத்தில் உரிய இடமில்லை. ஒருவர் உரிமையை மீட்டார். மற்றவர் அவ்வுரிமையின் எல்லையையே கேள்விக்குள்ளாக்கினார். திருச்சபைக்கு இருவரும் தேவை.

ஆகவே பண்டிதரின் படத்திற்கு மாலையிடுதல் போதாது. நம் மாணவர் ஒரு வீணையையும் ஒரு மின்விசைப் பலகையையும் அருகருகே வைத்து, பஞ்சமத்தை மீட்டிக் கேட்கட்டும். பின்னர்ச் சபையார் பாடுவதையும் கேட்கட்டும். அவருடைய முடிவை அவர்கள் மறுக்க நேரினும், அவர் காட்டிய வழியிலேயே நடந்தவராவர்.